அம்மனையே திட்டலாம்... அம்மா சிரிக்கக் கூடாதா?

சித்தூர் - திருப்பதி வட்டாரத்தில் தாய்மையும் நக்கலும்: கவர் ஸ்டோரி

வாயில் நாலு ஊக்கைக் கவ்விக்கொண்டு புருஷனுக்குக் கொசுவம் மடித்துக்கொண்டிருக்கிறார் அந்தப் பெண். "வயித்தை உள்ள இழுய்யா" என்று ஊக்குகளுக்கு நடுவிலிருந்து அதட்டல் வருகிறது. அவரும் தம் கட்டி இழுத்துப் பார்க்கிறார். நேற்று வரை இருந்த மீசை இன்று இல்லை. கண்ணாடி வளையல் மணிக்கட்டைத் தாண்ட மறுப்பதால், சோப்பு நுரை தடவி ஏற்றுகிறாள் மகள். சவுரி வைத்த பின்னல், மல்லிகைச் சரம், நெற்றி நிறைய குங்குமம், ரவிக்கைக்குள் துணிப்பந்து. மே மாதத்துத் திருப்பதி வெயிலில் எல்லாம் சேர்ந்து கசகசக்க, "இதைக் கட்டிக்கிட்டு நாள் பூரா எப்படிடி வேலை செய்யற?" என்கிறார் மனிதர். ஊக்குகளை எடுத்துவிட்டு அந்த அம்மாள் சிரிக்கிற சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்க்கிறது.

தாதய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை. கோவிந்தா கோஷம் கேட்டே பழகிய திருப்பதிக்கு வருடத்தில் ஒரு வாரம் வேறு முகம். பைராகி வேஷம், பண்ட வேஷம், தோட்டி வேஷம், துரை வேஷம், மாதங்கி வேஷம் என்று நாளுக்கொரு வேஷம். பண்ட வேஷ நாளில் வாய்க்கு வந்ததைப் பேசலாம். தெருவில் எதிர்ப்படுகிறவரைத் திட்டலாம், அம்மனையே கெட்ட வார்த்தையில் வையலாம். திட்டு வாங்கியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அம்மனும் கோபித்துக்கொள்வதில்லை, கேட்டு மகிழ்கிறாள் என்பது நம்பிக்கை. திருமலைப் பெருமாளின் தங்கை அவள். ஜாத்திரைக்குப் பிறந்த வீட்டுச் சீராக மலையிலிருந்து மஞ்சள், குங்குமம், புடவை வருகிறது. அண்ணன் கோயிலில் கோவிந்தா மட்டும் சொல்லி வரிசையில் நிற்கிறவர்கள், தங்கை வாசலில் எதையும் பேசலாம்.

இத்தனை காலம் உள்ளூர் விஷயமாக இருந்ததை 2024 டிசம்பர் 5 அன்று வெளியான 'புஷ்பா 2' உலகத்துக்கே கொண்டுபோனது. புடவை கட்டி, நகை போட்டு, உடம்பெல்லாம் நீலம் பூசி அல்லு அர்ஜுன் ஆடிய அந்தக் காட்சி இந்த ஜாத்திரையை வைத்து எடுக்கப்பட்டது. கதாநாயகன் புடவை கட்டினால் மாஸ் குறையும் என்ற பழைய கணக்கு அன்றைக்குத் தியேட்டர் விசிலில் அடிபட்டுப் போனது. தமிழ்நாட்டில் படம் பார்த்தவர்களும் பிறகு யூடியூபில் திருப்பதி ஜாத்திரையைத் தேடிப் பார்த்தார்கள்.

ஆனால், அந்தப் பேச்சில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ஆண் புடவை கட்டி அம்மாவாக நின்று கேலி பேசினால் அது நேர்த்திக்கடன். மேடையில் செய்தால் காமெடி. பிள்ளை பெற்று, வளர்த்து, தூக்கம் தொலைத்த நிஜ அம்மா அதே கேலியைத் தன் வாயால் பேசினால் அதற்கு என்ன பெயர்?

கையில் ஊசி, காதில் வடிவேலு

சித்தூரில் என் சித்தி வீட்டுக் கூடத்தில் இதற்கான பதில் கொஞ்சம் கிடைக்கும். சித்தி ஸ்வெட்டர் பின்னுகிறவர். ஆற்காடு மிஷன் காலத்திலிருந்து பள்ளிக்கூடங்கள் உள்ள ஊர் சித்தூர். சித்தி தலைமுறைப் பெண்களுக்குத் தையல் வகுப்பில் உல்லன் நூலும் ஊசியும் கைக்கு வந்தன. விளிம்புக்கு ப்ளெய்ன் ரெண்டு, பர்ல் ரெண்டு, உடம்புக்கு வந்ததும் ஒரு வரிசை ப்ளெய்ன், ஒரு வரிசை பர்ல். விரல்களுக்குக் கணக்கு மனப்பாடம், கண் தேவையில்லை.

கோடையில் தார் உருகுகிற ஊரில் ஸ்வெட்டர் யாருக்கு என்று கேட்டால், பெங்களூருப் பேரனுக்கு என்பார். அவன் ஒன்றைக்கூடப் போட்டதில்லையே? "போடறதுக்கா பின்னறேன்? கை சும்மா இருந்தா போனை எடுத்து மருமகளுக்கு அட்வைஸ் பண்ணத் தோணும். அந்தப் பொண்ணு நல்லாயிருக்கட்டும்னுதான் பின்னறேன்."

சித்தியின் மற்ற பொன்மொழிகளும் இந்த ரகம்தான். "ஸ்வெட்டர் சரியா வரலைன்னா பிரிச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். பிள்ளையை அப்படிப் பண்ண விட்டாங்களா?" வளைகாப்பு வீட்டில் யாரோ தாய்மையின் தெய்வீகம் பற்றிப் பேசப் போக, "தெய்வத்துக்காவது நடை சாத்தறாங்க" என்றார். பத்து மாதம் சுமந்த கதையைச் சினிமா அம்மா அழுதுகொண்டே சொல்லும்போது டி.வி-யைப் பார்த்துப் பேசுவார்: "பத்து மாசம் சுமந்தது பெரிசில்லம்மா. அது உள்ள இருந்த வரைக்கும் வாய் பேசல."

சாயங்காலம் விளக்கு வைத்ததும் காமெடி சேனல். எல்லையோரத் தமிழ் வீடுகளில் ரிமோட்டுக்கு இரண்டு தாய்மொழி: ஆதித்யா, சிரிப்பொலி ஒரு பக்கம், ஜெமினி காமெடி, ஈடிவி மறுபக்கம். சித்தி காமெடி பார்ப்பதில் ஒரு நுணுக்கம் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். கவுண்டமணி - செந்தில் என்றால் காது மட்டும் போதும். பின்னல் பாட்டுக்கு நடக்கும், தலை நிமிராது. வடிவேலுவுக்குப் பாதி காது, பாதி கண். அடி வாங்கப்போகிறார் என்று தெரிந்ததும் ஊசி நின்றுவிடும். பிரம்மானந்தம் திரைக்கு வந்துவிட்டால் பின்னலைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். அந்த மனிதர் வசனம் பேசுவதற்கு முன்பே முகத்தில் ஜோக்கை முடித்துவிடுகிறார். பேரனின் நீல ஸ்வெட்டரில் மார்புப் பக்கம் கண்ணி விட்டு ஓட்டை விழுந்திருக்கும் இடத்தைத் தொட்டுக்காட்டி, "இது பிரம்மானந்தம்" என்பார்.

இத்தனை சிரிக்கிறவர் வெளியாள் வந்தால் சேனலை மாற்றி பக்தி சேனல் வைத்துவிடுவார். அம்மா என்பவள் எந்தச் சேனல் பார்க்க வேண்டும் என்று ஊருக்கு ஒரு கணக்கு இருப்பது அவருக்குத் தெரியும்.

மகன் கருவறையில், அம்மா மடைப்பள்ளியில்

இந்த மண்ணின் பெரிய அம்மா கதை வகுளமாதாவுடையது. கிருஷ்ணனை வளர்த்த யசோதைக்கு ஒரு குறை: அத்தனை கல்யாணம் பண்ணிக்கொண்ட பிள்ளையின் ஒரு கல்யாணத்தையும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் குறை தீர வகுளாதேவியாக மறுபிறவி எடுத்து, சீனிவாசனுக்கு வளர்ப்புத் தாயாகி, நாராயணவனத்து ஆகாசராஜனிடம் பெண் கேட்கப் போனார் என்பது தல புராணம். மகன் கல்யாணத்தைப் பார்க்க அடுத்த ஜென்மம் வரை விடாத அம்மா! சித்தூர் மாமியார்களைச் சீண்ட மருமகள்களுக்கு இதைவிட வாகான கதை கிடையாது. கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு இன்றும் உண்டியல் வழியாக வட்டி கட்டப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிச் சிரிப்பார்கள். அம்மா ஆசைப்பட்டு நடத்திய கல்யாணம், கடன் இன்னும் அடையவில்லை.

திருமலைக் கோயில் வளாகத்தில் வகுளமாதாவுக்கு இடம் மடைப்பள்ளியை ஒட்டி. மகனுக்குப் போகும் நைவேத்தியம் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கும் மேற்பார்வை பார்க்கிறார் என்பது ஐதீகம். மகன் உலகப் பணக்காரர். அம்மாவுக்கு சமையலறை டியூட்டி. திருப்பதிக்கு அருகே பேரூர்க் குன்றில் சிதிலமாகக் கிடந்த அவருடைய தனிக்கோயில், குவாரிகளின் நெருக்கடியிலிருந்து மீட்கப்பட்டு 2022 ஜூனில்தான் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தது. அதுவரை ஆயிரக்கணக்கான கோடி வருமானம் உள்ள பிள்ளையின் தாய்க்கு ஒழுங்கான கூரை இல்லை. இதைச் சொல்லி ஆதங்கப்பட்டவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு. நான் பார்த்தவரையில் பெண்கள் சிரித்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருமலையில் இரவு ஏகாந்த சேவையில் பெருமாளைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கிறார்கள். பாடுகிறவர்கள் தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் வம்சத்தார், ஆண்கள். கூட்ட நாட்களில் இந்தச் சேவை நடக்கவே நள்ளிரவு தாண்டிவிடும். பிறகு மூன்று மணிவாக்கில் சுப்ரபாதம் பாடி எழுப்பிவிடுவார்கள். கைக்குழந்தைக்காரிகள் இதைக் கேட்டால் பெருமாளைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்வார்கள். உலகத்துக்கே தெரிந்த அந்தத் தாலாட்டு ஒரு சேவை. அடுத்த தெருவில் அதே நள்ளிரவில் அதையே செய்துகொண்டிருக்கும் பெண்ணுக்குப் பெயர், "குழந்தையை ஏன் அழ விடறே?"

---

■ பெட்டிச் செய்தி: மணிக்கணக்கு

* மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் சராசரியாகச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம்; ஆண்கள் 88 நிமிடம்.
* பிள்ளைகள், பெரியவர்கள் பராமரிப்பில் ஈடுபடுவோர் கணக்கு: பெண்கள் 137 நிமிடம், ஆண்கள் 75 நிமிடம்.
* 2019 கணக்கெடுப்பில் பெண்களின் வீட்டு வேலை நேரம் 299 நிமிடம். ஐந்து வருடத்தில் பத்து நிமிடம் மிச்சம். ஒரு காமெடிக் காட்சி பார்க்கலாம்.

---

புடவை கட்டிய அம்மாக்கள்

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் திருப்பதியில் தங்கி இந்த ஜாத்திரையை ஆராய்ந்து 2013-ல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த ஒரு வாரம் ஊரே பெண்ணாக மாறுகிறது என்பது அவர் வாதம். உக்கிரமாக இருக்கும் அம்மன் முன் நிற்க ஆண் தன்னை மாற்றிக்கொண்டாக வேண்டும், அதனால் புடவை. பெண்கள் பொங்கல் வைக்கிறார்கள், மஞ்சள் பூசுகிறார்கள், வேஷம் மட்டும் போடுவதில்லை. அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, எதற்கு வேஷம்?

கோயிலில் அழகாகப் பொருந்துகிற இந்த நியாயம் சினிமாவுக்கும் டி.வி-க்கும் வரும்போது திரிந்துபோகிறது. 1996-ல் வந்த 'அவ்வை சண்முகி'யில் மகளோடு இருப்பதற்காக அப்பா மாமி வேஷம் போட்டார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம், இப்போதும் சிரிக்கிறோம். பிள்ளைக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, மாமனார்க் கிழவரைச் சமாளிப்பது எல்லாம் கமல் செய்ததால் காமெடி. அதே வேலைகளை மீனா பாத்திரம் செய்திருந்தால் அந்தக் காட்சிகள் எடிட்டிங் மேசையைத் தாண்டியிருக்காது.

ஈடிவி-யில் 2013 பிப்ரவரியில் தொடங்கிய 'ஜபர்தஸ்த்' இந்த வட்டாரத்தின் வியாழன், வெள்ளி இரவுகளைப் பல வருடம் எடுத்துக்கொண்டது. அதன் ஸ்கிட்டுகளில் மனைவி, மாமியார், அம்மா வேஷங்களை நிறையப் போட்டவர்கள் ஆண்கள். தமிழில் விஜய் டி.வி-யின் 'கலக்கப் போவது யாரு'விலும் இதுதான் நிலவரம். குண்டு அம்மா, குறட்டை அம்மா, சீரியல் பைத்தியம் அம்மா. பார்த்துச் சிரிக்கிற கூட்டத்தில் பாதிக்கு மேல் அம்மாக்கள். சிரிக்கக் காரணம் இருக்கிறது, நன்றாகவே நடிக்கிறார்கள். ஆனால், அந்த ஜோக் எல்லாமே மகன் பார்வையில் தெரிகிற அம்மா. அம்மா பார்வையில் மகன் எப்படித் தெரிகிறான் என்ற ஸ்கிட்டுக்கு ஆள் இல்லை.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. 'சின்ன கவுண்டர்' படத்தில் எடுப்பான பல் செட்டை மாட்டிக்கொண்டு விஜயகாந்தின் ஆத்தாவாக வந்த மனோரமா, சிரிக்க வைத்துக்கொண்டே மரியாதையும் வாங்கினார். அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையை அவ்வளவு தைரியமாகத் தூக்கிப்போட்ட நடிகைகள் குறைவு. பின்னாளில் அறந்தாங்கி நிஷா சின்னத்திரை மேடையில் தன் நிறத்தையும் புருஷனையும் வீட்டையும் தானே கேலி செய்து கைதட்டல் வாங்கியபோது, அந்த மேடைக்குப் பெண் குரலில் ஜோக் கேட்பது புதிதாக இருந்தது.

சிரித்ததற்கு அபராதம்

ஜபர்தஸ்த் என்றால் நீதிபதி நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கும் ரோஜா நினைவுக்கு வருவார். திருப்பதிப் பெண். 1992-ல் 'செம்பருத்தி' மூலம் தமிழுக்கு வந்து, அதை இயக்கிய ஆர்.கே.செல்வமணியையே மணந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் நகரி தொகுதியில் 2014-ல் 858 வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்தார். 2019-ல் மீண்டும் ஜெயித்தார். எம்.எல்.ஏ-வாக இருந்துகொண்டே ஜபர்தஸ்தில் சிரித்தார். 2022 ஏப்ரலில் அமைச்சரானதும் நிகழ்ச்சியிலிருந்து விலகினார். 2024 தேர்தலில் சுமார் 45 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார்.

அவருடைய அரசியல் மீது விமர்சனம் வைப்பவர்களுக்கு நிறையக் காரணம் இருக்கலாம். அவரும் மைக் பிடித்தால் சாது கிடையாது. ஆனால், நகரியின் டீக்கடைகளில் அவர்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று, டி.வி-யில் உட்கார்ந்து 'இப்படிச் சிரிக்கிறார்' என்பது. அதே மேடையில் பக்கத்து நாற்காலியில் பல வருடம் சிரித்தவர் நாகபாபு. அவரும் 2019-ல் தேர்தலில் நின்றார். அவருடைய சிரிப்பு எந்த டீக்கடையிலும் விவாதமானதாக என் காதில் விழவில்லை. 2023 அக்டோபரில் ரோஜாவைக் கொச்சையாகப் பேசியதற்காக, அப்போதைய எதிர்க்கட்சியைச் சேர்ந்த முன்னாள் அமைச்சர் ஒருவர் கைது செய்யப்பட்டார். தமிழ்நாட்டு நடிகைகளும் கட்சி பார்க்காமல் கண்டித்தார்கள்.

அந்த நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய அனசூயாவின் கதை இன்னும் நேரடியானது. அவரும் இரண்டு பிள்ளைகளின் தாய். 2022 ஆகஸ்டில் சமூக வலைதளத்தில் ஒரு கும்பல் அவரை 'ஆன்ட்டி' என்று அழைத்து ஏளனம் செய்தது. வயதையும் பிள்ளை பெற்றதையும் வசையாக மாற்றுவதா என்று அவர் சட்ட நடவடிக்கை எடுப்பதாகச் சொன்னார். சொன்னதும் கேலி இரட்டிப்பானது. ஆன்ட்டி என்பதில் என்ன தப்பு என்று அப்பாவியாகக் கேட்டவர்கள் நிறையப் பேர். பக்கத்து வீட்டுக் குழந்தை கூப்பிட்டால் தப்பில்லைதான். முப்பது வயதுத் தடியன்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கூப்பிடும்போது அது உறவுமுறை கிடையாது என்பது கூப்பிட்டவர்களுக்கும் தெரியும்.

பண்ட வேஷக்காரரின் திட்டுக்கு ஒரு நாள்தான் ஆயுள். ஜாத்திரை முடிந்ததும் புடவையைக் களைந்து, மீசையை வளர்த்துக்கொண்டு கடையைத் திறந்துவிடுகிறார். பெண்ணின் ஜோக்குக்கு அந்த மாதிரிக் காலக்கெடு கிடைப்பதில்லை. ஒரு கல்யாண வீட்டில் விளையாட்டாகச் சொன்னது பத்து வருடம் கழித்து நாத்தனார் சண்டையில் சாட்சியாக வந்து நிற்கும்.

பானுமதி பிடித்த பேனா

இந்த அபராதத்தைத் தெரிந்தே கட்டியவர் ஒருவர் உண்டு: பி.பானுமதி. நடிகை, பாடகி, 1953-ல் 'சண்டிராணி'யை மூன்று மொழிகளில் இயக்கியவர். மகன் பரணியின் பெயரில் சென்னையில் ஸ்டுடியோ நடத்தியவர். இவர் தெலுங்கில் எழுதிய 'அத்தகாரி கதலு' - மாமியார் கதைகள் - மருமகள் வாயால் சொல்லப்படும் நகைச்சுவைக் கதைகள். மடிசஞ்சி மாமியார், அவருடைய வைராக்கியங்கள், அவரை எதிர்த்தும் பேச முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நிற்கும் மருமகள். ஆந்திர சாகித்ய அகாடமி விருதும் கிடைத்தது. மாமியாரை வில்லியாக்காமலே கேலி செய்ய முடியும் என்று காட்டியதுதான் அதன் சாமர்த்தியம். படித்த மாமியார்களும் தங்களை விட்டுவிட்டு அடுத்த வீட்டு மாமியாரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்து ரசித்திருப்பார்கள். ஆனால், பானுமதி யாருக்கும் பயப்படாத ஸ்டார். அந்தத் தைரியம் அவருக்குக் கட்டுப்படியானது.

திருப்பதிப் பக்கத்து மிட்டூரிலிருந்து எழுத வந்தவர் நாமினி சுப்பிரமணியம் நாயுடு. சித்தூர் மாவட்டத்துக் குடியானவன் பேச்சை அப்படியே அச்சேற்றிய தெலுங்கு எழுத்தாளர். 'பச்சநாகு சாக்ஷிகா' என்ற அவருடைய கதை வரிசையில் வருகிற அம்மா, சினிமா அம்மா போலச் சுத்தமான தெலுங்கு பேசுவதில்லை. கழனியிலும் அடுப்படியிலும் புழங்குகிற பாஷை. கொச்சை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு நாமினியின் அம்மா பிடிக்கும். மகன் எழுதிய அம்மாதான் என்றாலும், அந்தப் பக்கங்களில் அம்மா பேசும்போது மகன் வாயைப் பொத்திக்கொண்டு கேட்கிறான்.

---

■ பெட்டிச் செய்தி: பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தார்கள்

* ஆந்திராவின் நரசாபுரம், குரோஷா லேஸுக்குப் பெயர் போனது. மிஷனரிகள் 19-ஆம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த வேலை. 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.
* ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-ல் வெளியிட்ட நூல் இந்தப் பெண்களைப் பற்றியது. ஏற்றுமதிக்காக நாள் முழுக்கப் பின்னியவர்களை 'ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள்' என்று சொல்லியே கூலியைக் குறைத்து வைத்திருந்ததை அவர் எழுதினார்.
* கனடாவின் டொரன்டோவைச் சேர்ந்த ஸ்டெஃபனி பெர்ல் மெக்ஃபீ, பின்னல் வேலையையும் பிள்ளை வளர்ப்பையும் சேர்த்துக் கிண்டலாக எழுதியே புத்தகம் விற்றவர். மூன்று பெண்களின் தாய், பிரசவத் துணையாளராக வேலை பார்த்தவர்.
* அமெரிக்காவின் எர்மா பாம்பெக், வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் நக்கலடித்து எழுதிய பத்தி, உச்சத்தில் சுமார் 900 பத்திரிகைகளில் வந்தது.

---

ஜோக்குக்குள் இருக்கும் ஜுரம்

அம்மாக்கள் சொல்லும் ஜோக்கைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் வழக்கமாகச் சொல்வது: "பிள்ளை வேணாம்கிற மாதிரி பேசறாளே." உண்மையில் நடப்பது வேறு. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்கப் போனால் ஒரே கேள்விகள்: பால் போதுதா, யார் ஜாடை, வசம்பு கட்டினியா. தூங்கினியா என்று பெற்றவளைக் கேட்பவர் அபூர்வம். நேராகக் கேட்காத வீட்டில், சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்கு இருக்கிற ஒரே வழி ஜோக். "இவனை எந்தக் கடையில திருப்பிக் கொடுக்கலாம், பில் இருக்கு" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னால், சிரித்துவிட்டு ஒரு மணி நேரம் அந்தக் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்கிறவர்தான் அந்த ஜோக்கைப் புரிந்துகொண்டவர். "தாயாகிட்டு இப்படிப் பேசலாமா" என்று அதட்டிவிட்டால், அடுத்த முறை அவள் சொல்ல மாட்டாள்.

சொல்லாமல் போவதில்தான் ஆபத்து. பிரசவத்துக்குப் பிறகு மனநலப் பிரச்னைக்கு, முக்கியமாக மனச்சோர்வுக்கு ஆளாகும் பெண்கள் உலக அளவில் சுமார் 13 சதவீதம், வளரும் நாடுகளில் அது 20 சதவீதத்தை ஒட்டி வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்தில் ஒருத்தி. சிரிப்பு அதற்கு மருந்து என்று வாட்ஸ்அப் வைத்தியம் சொல்ல நான் வரவில்லை. நாள் கணக்கில் தூக்கம் இல்லை, குழந்தையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்றால் அதற்கு டாக்டர்தான். சித்தூர்க்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸில் தாய்க்கும் சேய்க்கும் ஒன்றாகவே சிகிச்சை தரும் தனிப் பிரிவு பல வருடங்களாக இயங்குகிறது. அம்மாவைச் சேர்த்தால் பிள்ளையைப் பிரிக்க வேண்டியதில்லை. இப்படி ஒன்று இருப்பது இந்தப் பக்கம் எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

ஜோக் எல்லாமே அபாய அறிவிப்பு என்று எடுத்துக்கொள்வதும் தப்பு. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த அம்மாவும் பிள்ளையை நக்கலடிப்பாள். என் சித்தி நக்கலடிப்பது அவருக்கு நன்றாக வருகிறது என்பதால்தான். அந்தத் திறமை மகனிடம் இருந்தால் 'டைமிங்', அம்மாவிடம் இருந்தால் 'வாய்'.

இப்போது அந்த வாய்க்குப் புதிய கூடங்கள் கிடைத்துவிட்டன. தெலுங்கிலும் தமிழிலும் ரீல்ஸில் அம்மாக்களே அம்மாக்களாக வருகிறார்கள். சமையலறைதான் செட், நைட்டிதான் காஸ்ட்யூம், புடவை கட்டிய ஆண் தேவையில்லை. சில அம்மாக்கள் பிள்ளைகளின் முகத்தையும் படிப்பு மார்க்கையும் ஊர் சிரிக்கக் காட்டுவது எனக்கு உறுத்துகிறது. பிள்ளைக்கும் ஒரு மானம் உண்டு, ஆறு வயதில் எடுத்த வீடியோ அவன் பதினாறு வயதிலும் இணையத்தில் கிடக்கும். வகுளமாதா மாதிரி அடுத்த பிறவி வரை துரத்தக் கூடாது. தன்னைக் கேலி செய்துகொள்கிற அம்மாவுக்கும் பிள்ளையைக் காட்சிப்பொருளாக்கும் அம்மாவுக்கும் நடுவே கோடு எங்கே என்பது வீட்டுக்கு வீடு சண்டையாகிக்கொண்டிருக்கிறது. ஆனால், இந்தச் சண்டையில் எனக்கு ஒரு சந்தோஷமும் உண்டு. அம்மா என்ன பேசினாள் என்பதைப் பற்றிச் சண்டை போடும் அளவுக்கு அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் வீட்டிலும் நடந்தது. சித்தி பின்னிக்கொண்டே பேசியதைத் தங்கை படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். "பெத்தது ரெண்டு, உருப்படியா முடிச்சது ஸ்வெட்டர் மட்டும்தான்" என்று வருகிற வீடியோ. பெங்களூரிலிருந்து தம்பி உடனே போன் அடித்தான். "அம்மா, அதை அழிக்கச் சொல்லு. ஆபீஸ்ல எல்லாரும் பார்க்கறாங்க. மாமியார் வீட்டுலயும் பார்த்திருப்பாங்க."

சித்தி ஊசியைக் காதோரம் செருகிக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டார். "இருடா, எத்தனை பேர் பார்த்திருக்காங்கன்னு முதல்ல உங்க அக்காவைக் கேட்டுச் சொல்றேன். அழிக்கறதா, அடுத்ததைப் போடறதான்னு அப்புறம் பார்க்கலாம்."